கடதாசிக் கோப்பைகள்

பூம்ப்ளிஸ், பேர்ன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் யதுஷாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால்தான் குளிரோடு சண்டை பிடிக்கிறது. ஸ்லோவாக்கியாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். தம்பி லக்ஷன் லாங்கன்தாலில் வீடு எடுத்துவிட்டான், சமையலறை சின்னது என்று அம்மாவுக்குக் குறை.

நீ அனுப்பிய திறப்புவிழா வீடியோவைப் பார்த்தோம். ஜிப்சிகள் என்று ஒதுக்கப்படும் ரோமா மக்களையும் ஊர் மக்களையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பிராந்திய வளர்ச்சி நிதியில் கட்டிய மண்டபமும் பாலர் பாடசாலையும் என்று நீ சொல்லியிருந்தபடியால் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திரும்பப் பார்த்தபோதுதான் தேநீர் மேசை கண்ணில் பட்டது. நகரசபைத் தலைவரும் அதிகாரிகளும் நீயும் பீங்கான் கோப்பையில் குடிக்கிறீர்கள், ரோமாப் பெண்கள் எல்லோர் கையிலும் கடதாசிக் கோப்பை. எதையும் உடனே அடித்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். கோப்பை போதாமல் போயிருக்கலாம் என்று நினைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்னால் தட்டில் பீங்கான் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. பேர்னில் பிறந்த உன் கண்ணில் அது படாததில் குற்றமில்லை. சாதி பார்த்துச் சிலருக்கென்று தனித் தகரப் பேணி தொங்கவிட்ட தேநீர்க்கடைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அதை நான் தொலைபேசியில் சொன்னதும், "அப்பா, இன்னொண்டும் இருக்கு" என்று நீ தொடங்கினாய். மண்டபம் தண்டவாளத்துக்கு அப்பால், அவர்களுடைய குடியிருப்புக்குள்ளேயே இருக்கிறதாம். ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அங்கே வராதாம். ரோமாப் பிள்ளைகளுக்கு இனி ஊர்ப் பாலர் பாடசாலையில் இடமில்லை, உங்களுக்குத்தான் புதிது இருக்கிறதே என்கிறார்களாம். சேர்ப்பதற்கென்று வாங்கிய நிதியால் பிரித்துவிட்டு, அதற்கு நாடாவும் வெட்டிக் கைதட்டியிருக்கிறார்கள். திட்டத்தைச் சரிபார்ப்பது உன் வேலை என்பதால், இது எல்லோருக்கும் பொதுவான மண்டபம் என்ற அறிக்கையில் மாத முடிவுக்குள் நீ கையெழுத்து வைக்க வேண்டும், வைக்காவிட்டால் உன் ஒப்பந்தம் நீடிக்காது, என்ன செய்ய என்று கேட்டாய். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நேற்றுக் கோயிலில் பூசை முடிந்து சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த தம்பித்துரையரிடம் வாய்விட்டுவிட்டேன். "அது நல்ல வேலைதானே மாஸ்டர், தனிக் கிணறு வெட்டிக் குடுத்தால் சண்டை வராது. களவெடுக்கிற கூட்டத்தை ஊருக்குள்ளை விடேலுமோ? பிள்ளையைப் பேசாமல் கையெழுத்தை வைக்கச் சொல்லும்" என்று சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகளைக் களவெடுப்பவர்கள் என்று சொல்லி ஒரு கிராமமே தன்னை எதிர்த்து நின்றதைக் கண்கலங்கச் சொல்பவர் அவர். அந்த வாயால்தான் இதையும் சொன்னார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது ட்ராமில் அம்மா, "அவர் கதைக்கேக்கை நீங்கள் வடையைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்" என்றாள். அவரில் வந்த அருவருப்பில் பாதி எனக்கும் சேர வேண்டியதுதான்.

இன்று காலை உனக்கு எழுதிய முதல் கடிதத்தில், கையெழுத்தை வை என்றுதான் எழுதினேன். வேலை நல்லது, நீ வைக்காவிட்டால் வேறொருவர் வைப்பார், கட்டிய சுவர் இனி இடியாது என்று காரணங்களை ஒழுங்காக அடுக்கியிருந்தேன். அம்மா வாங்கி வாசித்துவிட்டு, "இதைத்தானே தம்பித்துரையரும் சொன்னவர்" என்று திருப்பித் தந்தாள். கிழித்துப் போட்டேன்.

கையெழுத்து வைக்காதே, பிள்ளை. நீ கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடு. நான் சொல்வது பிழையாகவும் இருக்கலாம், அங்கே நிற்பவள் நீ. ஆனால் நீ கேட்டாய், என் மனதில் இருப்பது இதுதான். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் என் புத்தகங்கள்தான் இருக்கின்றன, அவற்றை எடுத்துவிடலாம்.

அம்மா வறுத்த மிளகாய்த்தூள் பார்சலில் வருகிறது. பிள்ளையார் உன் பக்கம் நிற்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை அங்கே தேநீர் ஊற்றினால், கடதாசிக் கோப்பையைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண்களோடு நின்று குடி.

உன்னை என்றும் நினைத்திருக்கும் அப்பா,
கனகசபை