ஒரே பெயருக்கு இரண்டு பெட்டி

இன்று காலை பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்த தாளில் அறுபத்திரண்டு பெயர்கள். எண்ணூர் அலுவலகத்துக்காரர்கள். திங்கட்கிழமைக்குள் எல்லாரையும் நம் மெயிலில் சேர்த்துவிட வேண்டுமாம். தாளைக் கையில் எடுத்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

நீ காசிமேடு, நான் காலடிப்பேட்டை. ஒரே வாரத்தில்தான் இந்தக் கன்டெய்னர் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தோம். பிறகு சாத்தாங்காட்டு இரும்புக் கம்பெனி ஒன்று நம்மோடு இணைந்தது. அவர்களுடைய மெயில் வேறு, நம்முடையது வேறு. இரண்டும் இருக்கட்டும், மெயில் முகவரியில் வரும் கம்பெனிப் பெயர் மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். வெளியிலிருந்து வரும் மெயில் முதலில் நம் பக்கம் வரும். அந்தப் பெயருக்கு இங்கே மெயில் பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய்விடும். "பொட்டி இங்க கீதா? அப்ப இங்கயே போடு. இல்லியா, அந்தாண்ட தள்ளு. இன்னாடி கஷ்டம் இதுல?" என்று சிரித்தாய்.

கஷ்டம் என்னால் வந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகச் சாத்தாங்காட்டு ஆட்கள் எட்டுப் பேருக்கு நம் பக்கமும் பெட்டி திறந்திருந்தேன். முடிந்ததும் ஏழு பெட்டிகளை அழித்தேன். ஒன்றை மறந்துவிட்டேன்.

அது அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மேரி அக்காவின் பெயர். வரப்போகிற ஒரு கன்டெய்னரில் பூச்சிமருந்துப் புகை போட்டிருக்கிறது, கதவைத் திறந்து வைத்துக் காற்றாடவிட்ட பிறகே உள்ளே போகவேண்டும் என்று அவருக்கு ஒரு மெயில் வந்தது. நம் பக்கத்தில் நான் விட்டுவைத்த பெட்டியில் போய் அது உட்கார்ந்துகொண்டது. அனுப்பியவருக்குத் திரும்பியும் போகவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே போன இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மூன்றாம் நாள் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஆனால் மெயிலைப் பார்க்காமல் விட்டார் என்று மேரி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள்.

"எனக்கு வரவே இல்லப்பா" என்றார் அவர். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

நீ நம்பினாய். "அந்தக்கா மூஞ்சப் பாத்தியா? பயம் இல்ல, கோவம் கீது. நான் தேடிப் பாக்கறேன்" என்றாய். மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அந்த மெயில் போன வழியைத் தேடிக்கொண்டு போனாய். கடைசியில் உன் திரையை என் பக்கம் திருப்பினாய். பெட்டியைத் திறந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அப்போது நான் கேட்டதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "சத்தமில்லாம அழிச்சிடலாமா?"

நீ கத்தவில்லை. "அழிச்சா நீ தப்பிச்சிப்ப. அந்தக்கா வேல பூடும். வா, நீயே சொல்லு. நான் பக்கத்துல குந்திகினு கீறேன்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நீ பக்கத்திலேயே இருந்தாய். எனக்கு மெமோ வந்தது, அந்த வருடப் பதவி உயர்வு போனது. வேலை தப்பிய மேரி அக்கா நம் அறைக்கு வந்து என்னையே பார்த்தார். "நாலு நாளா தூங்கலம்மா நானு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயரையும் நாம் இரண்டு பேரும் கையாலேயே சோதித்தோம். வெளியிலிருந்து ஒரு மெயில், இங்கிருந்து அங்கே ஒன்று, அங்கிருந்து இங்கே ஒன்று. வந்ததா என்று போனில் கேட்டு, பெயருக்கு நேரே மூன்று டிக். "மூணு டிக்கு வுழாத பேரு இன்னும் வந்து சேரலடி" என்பாய்.

போன ஆடியில் காய்ச்சலென்று லீவு எடுத்தாய். ஒன்பதாம் நாள் உன் வீட்டு வாசலில் சங்கு ஊதினார்கள்.

இன்று மேனேஜர், "லிஸ்ட்டை அப்படியே ஏத்திடு, பிரச்சனை வந்தா பாத்துக்கலாம்" என்றார்.

"முடியாது சார். ஒவ்வொருத்தருக்கும் அனுப்பிப் பாத்துதான் திறப்பேன். வியாழக்கிழமை ஆகும். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். நான் முதல் பெயரிலிருந்து தொடங்கினேன்.

நாற்பதாவது பெயருக்கு எண்ணூர் மெயிலிலும் நம் பக்கத்திலும் ஏற்கெனவே பெட்டி இருந்தது. நம் பக்கத்துப் பெட்டி, லிஸ்ட் வருவதற்கு முன்பே போன வாரம் அவசரமென்று இவருக்கு மட்டும் நானே திறந்தது. உள்ளே படிக்கப்படாத கடிதம் ஒன்று. மறைத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த நொடியைக் கடந்து, கடிதத்தை உரியவருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "தவறு என்னுடையது." மேனேஜருக்கும் ஒரு பிரதி வைத்தேன். பிறகு நாற்பத்தொன்றாவது பெயரை எடுத்தேன்.