பச்சை வட்டம்

மார்ச் 4
எங்கள் கண் மருத்துவமனைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. விழித்திரையைப் படமெடுத்தால், பக்கவாதம் வர வாய்ப்புண்டா என்று வட்டம் போட்டுக் காட்டும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை வந்தவர்களின் படத்தை டாக்டர்கள் பார்க்க வேண்டாம், அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம் என்று தலைமை மருத்துவர் உத்தரவு. நோயாளிகளைப் பார்த்தே மூச்சுவிட நேரமில்லாத எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 9
அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். பஸ் ஓட்டும் அண்ணனுக்குச் சிவப்பு. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்யும் அண்ணிக்குப் பச்சை.
"இந்த வீட்டுல யாருக்கு ரத்தம் கொதிக்குதுன்னு மெஷினே சொல்லிடுச்சு, பாத்தீங்களா?" என்று அண்ணி சீண்டினாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கும்வரை பஸ்ஸைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 14
அண்ணனின் கழுத்து ரத்தக்குழாய்கள் சுத்தம். பிரஷரும் சரி. பிறகு ஏன் சிவப்பு?
மெஷினின் கணக்குகளைப் பார்க்கும் புள்ளியியல்காரரிடம் கேட்டேன். அது படித்த படங்களெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கண்களாம். நம்மைப் போன்றவர்களுக்கு விழித்திரையின் பின்புறமே கருமை, அது மெஷினுக்குப் பழக்கமில்லையாம். "நம்ம கண்ணுல அது, குருடன் யானையைத் தடவின கதைதான்" என்றார்.
சிவப்பு பொய்யானால் பச்சை?
அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15
தலைமை மருத்துவரிடம் சொன்னேன். மெஷின் வந்த உடனே குறை சொல்லாதே என்றார்.
மதியம் அண்ணனுக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் சொன்னான்: நேற்று அண்ணிக்கு அறிவிப்பு நடுவே வார்த்தை குழறிவிட்டதாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டதாம். இன்றும் வேலைக்குப் போயிருக்கிறாளாம்.
நான் குறுக்கிட்டேன். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."
"அவளுக்குப் பச்சைன்னு நீதானே சொன்ன?"

மார்ச் 16
நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அண்ணிக்குப் பேச்சு நின்றுவிட்டது. வலது கையும்.

மார்ச் 17
அவளுடைய அந்தப் படத்தைத் திறந்தேன். தமனிகள் நூலாய் மெலிந்து, குறுக்கே போகுமிடங்களில் சிரையை நெரிக்கின்றன. நாள்பட்ட ரத்தக்கொதிப்பின் அடையாளம்; கண் மருத்துவம் படிக்கிற எவரும் கண்டுபிடிப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. மெஷின் கிடக்கட்டும் — நான்? என் அண்ணிதானே? எட்டிப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஐயோ, எத்தனை பேரை இப்படி அனுப்பினோமோ.
இனி ஒவ்வொரு பச்சையையும் நானே பார்ப்பேன், முடியாதென்றால் வேறு டாக்டரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று தலைமை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். 

ஜூன் 2
மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க நம்மைப் போன்றவர்களின் படங்கள் சேர்க்கிறார்கள். தன் கண்ணையும் படமெடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணி வந்தாள். வலது கை மடியிலேயே கிடந்தது. வட்டம் தோன்றுவதற்குள் இடது உள்ளங்கையால் திரையை மூடினாள்.
"நீ... பாத்து... சொல்லு."
அவள் கையை விலக்கிப் படத்தைப் பார்த்தேன். இத்தனை மருந்துக்குப் பிறகும் இரண்டு கண்களிலும் புதிதாய்ப் பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு; பிரஷர் இன்னும் அடங்கவில்லை. அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.