மூன்றடுக்குக் கட்டை நாற்காலி

அக்கா,

இன்று காலை நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன், முடியவில்லை. பெரிய விஷயமில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, இரண்டாம் தடவை எழுந்துவிட்டேன். ஆனால் அதைப் பார்த்துவிட்ட என் மருமகள், கட்டிலுக்கு அடியில் குனிந்து, உன் நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்த கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டாள். "மாமா, இத ஒங்க நாற்காலிக்குப் போட்டுத் தரவா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் நான் என்ன கிழவனா? முறைத்துக்கொண்டே ஒரு கட்டையைக் கையில் எடுத்தேன். கட்டுமாவடியில் படகு வேலை பார்க்கும் ஆசாரி உனக்காகச் செதுக்கியது. நாற்காலிக் கால் அழுந்திய வட்டம் இன்னும் அதில் இருக்கிறது. கோபம் போன இடம் தெரியவில்லை.

கட்டுமாவடியில் நீ மீன் விற்ற காலத்தில் உன் கால்களை நான் பார்த்திருக்கிறேன். நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக் குந்தியிருப்பாய், அப்படியே எழுந்துவிடுவாய். பஸ் கண்டக்டர் பாவப்பட்டுத் தாங்க வந்தால், "கை வைக்காதப்பா, சரிஞ்சிரும்" என்று விரட்டுவாய்.

நடுக்குவாதம் வந்து, உன் மகனும் வெளிநாட்டில் இருக்க, திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு வந்தாய். முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீஸ் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். நோயாளி கிடைத்தால் சும்மா இருப்பேனா? மாத்திரை போட்ட கையோடு மீன், முட்டை சாப்பிட்டால் மருந்து சரியாகச் சேராது, இடைவெளி விடுங்கள் என்றார் டாக்டர். இடைவெளி எதற்கு, வம்பே வேண்டாம் என்று மீனையே வீட்டுக்குள் விடாமல் நிறுத்தினேன். உனக்குக் கஞ்சி, இட்லி, ரசம் சோறு. வண்டியில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் வரும்போது நீ வாசல் பக்கம் முகத்தைத் திருப்புவாய். நான் ஜன்னல் வழியாகவே கையை ஆட்டி அவரை அனுப்பிவிடுவேன். நீ நாற்காலியில் அசைந்தால் போதும், ஓடி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவேன். அன்பு என்றுதான் நினைத்தேன் அக்கா.

நாலு மாதத்தில் உன் கெண்டைக்காலில் தோல் மட்டும் தொங்கியது. மணிக்கட்டில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. நோய்தான் உருக்குகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிசியோதெரபிக்குப் போன அன்று அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் உன்னை எழச் சொன்னாள். நான் வழக்கம்போலப் பாய்ந்தேன். "சார், நீங்க கொஞ்சம் கையப் பின்னால கட்டிக்கங்க" என்றாள். நீ மூன்று முறை முயன்றாய். மூன்று முறையும் பாதி தூரம் வந்து சரிந்து உட்கார்ந்தாய். அவள் உன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன சாப்பாடு என்று விசாரித்தாள். சொன்னேன். "நடுக்கம் நோயால வருது. ஆனா இந்தக் கால் இப்படி ஆனது நோயால மட்டும் இல்ல சார். சதைக்குத் தீனியும் இல்ல, வேலையும் இல்ல" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. ஆட்டோவில் வரும்போது நீதான் பேசினாய். "தம்பி, நாளைக்கு நகரை மீன் வாங்குடா. அந்த மீன்காரன் ஏமாத்துவான், செவுளப் பாத்து வாங்கணும். நானே வாசலுக்கு வாரேன்."

வாசலுக்கு வருவதா? யார் கையும் இல்லாமல் நாற்காலியை விட்டு எழ முடியாதவள் சொன்ன பேச்சு அது. ஆனால் அன்றிலிருந்து உனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. முள் எடுத்த மீன், குழைந்த சோறு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உயரத்துக்காக நாலு காலுக்கும் மூன்றடுக்குக் கட்டை கொடுத்தோம். காலையும் மாலையும் எழுந்து உட்காருவாய். மீன் எண்ணிப் போடும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவாயே, அதே கணக்குத்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." கை தாளம் போடும், தலை ஆடும், வியர்வை வழியும். என் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். உன்னைத் தாங்காமல் நிற்பதுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய வேலை.

ஒரு அடுக்கு கழன்றது. தீபாவளி தாண்டி இரண்டாவது. பொங்கலுக்கு மறுவாரம் வெறும் நாற்காலியிலிருந்து, கையை மார்போடு கட்டிக்கொண்டு, ஏழு வரை எண்ணினாய். எழுபத்தாறு வயதில், நடுங்குகிற உடம்பில், போன சதையைத் திரும்ப வரவழைத்தாயே! இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. அன்று மீன்காரர் ஹாரன் அடித்தபோது கம்பை ஊன்றி வாசலுக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு, யார்கிட்ட விக்கிற?" என்று அவரோடு சண்டை போட்டாய். உள்ளே நின்று அழுதேன், உனக்குத் தெரியாது.

நோய் விட்டுவிடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் உன் கால் தடுமாறியது. நான் எப்படிச் சொல்வது என்று தவித்தபோது, "கட்டையப் போடுடா, இதுல என்ன வெக்கம்" என்றாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கு ஏறியது. கடைசி வாரத்தில், சளி நெஞ்சில் இறங்கும் முன்பு, ஒரு முறைதான் எழ முடிந்தது. எழுந்து நின்று "லாபம்" என்று சொல்லிவிட்டு, யாரையோ ஜெயித்தவள்போல என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாய்.

மருமகளிடம் ஒரே ஒரு அடுக்கு போடச் சொன்னேன். போட்டாள். உட்கார்ந்தேன். நான் எழும்போது பதறித் தாங்க வந்தாள்.

"கை வைக்காதம்மா. பின்னால கட்டிக்க."

முழங்கால் முனகியது. எழுந்து நின்று "லாபம்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கை மட்டும் பின்னால்தான் இருந்தது அக்கா.