பெட்ரோல் ஊட்டுக் குழியில் இறங்கியவர்

கட்டபெட்டு
வைகாசி 9, 1975

அன்பு மகள் தெய்வம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது. அங்கே சிலோனில் நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணையிருக்கட்டும். இங்கே நான், உன் அம்மா, தம்பி வடிவேல் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. பயப்படாதே, நம் வீட்டில் யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இடம் கிடைக்காமல் நாங்களும், கப்பலில் வந்து இறங்கின மண்டபம் கேம்பிலிருந்து கூடவே வந்த அய்யாவு குடும்பமும் ரோட்டுக்குக் கீழே ஒரு பழைய கல் கட்டிடத்தில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து லாரிகளுக்குக் குழாய் வழியாகப் பெட்ரோலை மலைமேல் ஏற்றின இடமாம் அது, இந்த ஊர் ஆட்கள் பெட்ரோல் ஊடு என்பார்கள். மெஷினை எல்லாம் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதை இறுக்கிய போல்ட்டுகள் மட்டும் தரையில் துருத்திக்கொண்டு நிற்கின்றன, உன் அம்மா கால் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. சுவரில் அறுத்து விட்ட குழாய் வாய்களில் சாக்கை அடைத்து வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் காற்று ஊளையிடும். மழை பெய்தால் அந்தக் காலத்து எண்ணெய் வாடை இன்னும் சுவரிலிருந்து கிளம்புகிறது. ஆனாலும் ஒழுகாது, அந்த மட்டுக்கும் நிம்மதி என்றுதான் இருந்தோம்.

இந்த வருஷம் கோடையில் கீழே இருந்த ஊற்று வற்றிவிட்டது. உன் அம்மா முழங்கால் வலியோடு ஓடை வரைக்கும் இறங்கித் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வடிவேலுக்கு மனசு கேட்கவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் பெட்ரோலைச் சேர்த்து வைத்த தொட்டி ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது, மேலே இரும்பு மூடி. அதைக் கழுவி விட்டால் ஆனி ஆடி மழையில் நிறையும், குடிக்க ஆகாவிட்டாலும் குளிக்கத் துவைக்க ஆகும் என்றான். நல்ல யோசனை என்றுதான் எல்லோருக்கும் பட்டது. மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, வாடை போகட்டும் என்று ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் வாளியை எடுத்துக்கொண்டு கம்பிப் படியைப் பிடித்து உள்ளே இறங்கினான். சேறு கணுக்கால் அளவு இருக்கிறது என்று கத்தினான், அப்புறம் ஏதோ சொன்னான், பேச்சு குழறியது, பிறகு சத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ரஹ்மத்துல்லா வந்தார். கட்டபெட்டு பஜாரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக விற்க வருவார், வடிவேலைவிட நாலைந்து வயசுதான் கூட. நாம் ரொட்டியைப் பாண் என்று கேட்டால் இங்கே எல்லோரும் சிரிப்பார்கள், அவர் மட்டும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, நம் வளைவில் திரும்பும்போது பாண் பாண் என்றுதான் கூப்பிடுவார். சிலோன்காரன் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் நின்று சண்டை போடுவார். அன்றைக்கு எங்கள் கூப்பாட்டைக் கேட்டு ஓடி வந்தவர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்தார், துண்டை நனைத்து மூக்கில் கட்டினார், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கயிறு ஒன்றுதான் இருந்தது தெய்வம்மா. அதைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து உன் தம்பிக்குக் கட்டி, இழுங்க என்று குரல் கொடுத்தார். நானும் அய்யாவும் இழுத்து வெளியே போட்டோம், வடிவேலுக்கு மூச்சு இருந்தது. கயிற்றை அவிழ்த்துத் திரும்ப உள்ளே விட்டோம். பிடிக்கக் கை வரவில்லை. நான் இறங்கப் போனேன், அய்யாவு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஃபாக்டரியிலிருந்து ஆட்கள் வந்து கொக்கி போட்டு எடுக்கும்போது அவர் போய்விட்டிருந்தார். பெட்டியில் பாண் இன்னும் சூடாக இருந்தது.

அவரை அடக்கம் செய்த மையவாடி வரைக்கும் நான் பின்னாலேயே நடந்தேன், யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு சுரையா என்று சம்சாரம், இரண்டு சின்னப் பிள்ளைகள், வயசான அம்மா ஆபிதா. உன் அம்மா அந்த வாசலில் போய் விழுந்து அழுதாள். ஆபிதாம்மா அவளைத் தூக்கி உட்கார வைத்து, உங்க பையன் சோறு திங்கறானாங்க என்று கேட்டாராம். இல்லை என்று அவள் தலையை ஆட்டினாளாம். உண்மையும் அதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வடிவேல் வேலைக்கும் போகவில்லை, தட்டையும் தொடவில்லை, அந்தக் குழி மேட்டிலேயே உட்கார்ந்திருந்தான். என்னைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்டேனா, அவர் ஏன் இறங்கினார் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டான்.

போன வெள்ளிக்கிழமை ஆபிதாம்மா தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டு அவ்வளவு இறக்கமும் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எந்த இடம் என்று கேட்டார், காட்டினேன். குழி வாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு வடிவேலைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து சோற்றைப் பிசைந்து அவன் வாய்க்கு நேராக நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பினான். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சாப்பிடு கண்ணு. இந்தக் குழிக்கு ஒருத்தன் போதும்.” அவன் வாங்கிக்கொண்டான், அழுதுகொண்டே அவர் கையால் முழுக்கச் சாப்பிட்டான். மறுநாள் நாங்கள் எல்லோரும் கல்லும் மண்ணும் சுமந்து அந்தத் தொட்டியை மூடினோம்.

சுரையா இன்னும் எங்களோடு பேசவில்லை. உன் அம்மா லீவு நாளில் போய் உட்கார்ந்தால் அந்தப் பொண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறதாம். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. அம்மாவும் விடாமல் போகிறாள், விறகு உடைத்துப் போட்டுவிட்டு வருகிறாள். வடிவேல் மறுபடி தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறான், பேச்சு மட்டும் குறைவு. அங்கே அரிசிக்கும் மாவுக்கும் படுகிற பாட்டை எழுதியிருந்தாய், இந்தியாவுக்கே வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வா என்று சொல்லவும் தைரியம் இல்லை, வராதே என்று சொல்ல மனசும் இல்லை. மாப்பிள்ளைக்கு அங்கே பிரஜாவுரிமை இருக்கிறது, அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம். பிள்ளைகளைப் பசியாறாமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே, உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

தம்பிக்குத் தனியாக ஒரு காயிதம் போடு, குழியைப் பற்றி ஒன்றும் கேட்காதே, பிள்ளைகள் சேட்டையைப் பற்றி எழுது. உனக்கும் உன் குடும்பத்துக்கும் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துப் பிள்ளைகள் கும்பிடும்போது ரஹ்மத்துல்லா என்ற பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக்கொடு. சின்னவனுக்கு அந்தப் பேர் வாயில் நுழையாவிட்டால் மாமா என்று சொல்லட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பொன்னுத்துரை