சொர்க்கவாசலின் ஒற்றைக் கதவு

கார்த்திகை 6, ஞாயிறு

விடியும்போது தூறல். ஏழு மணிக்கு வெளுத்துவிட்டது. பீரோ மேலிருந்து குரங்குக் குல்லா இறக்கம். பூச்சி உருண்டை வாசம். அணிந்துகொண்டு பால்கனியில் நின்று திருநகர் மக்களுக்குக் காட்சி கொடுத்தேன். மதுரையில் குளிர்காலம் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அரசாணை தேவையில்லை.

பேச்சி (வீட்டின் ஆட்சி அவளுடையது, சமையல் பாதி என்னுடையது): "வேர்க்குதுல்ல? கழட்டுங்க."

வேர்த்தது. கழற்றவில்லை.

மாலை, மார்கழிக் கோலக் குலுக்கல். பன்னிரண்டு வீடு, மூன்று மாடி, ஒரே ஒரு வாசல். உலகத்தில் இதைவிடப் பெரிய எல்லைத் தகராறு எங்கும் கிடையாது. நான் மட்டும் பட்டியல் போடாமல் இருந்திருந்தால் வாசலில் கலர்ப்பொடி வெள்ளம் கரைபுரண்டு வைகையில் கலந்திருக்கும். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஒரு பஸ்ஸையும் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க விட்டதில்லை. கோலத்தை விடுவேனா?

விதிகள், என் கையெழுத்தில், மாடிப்படிச் சுவரில்:

1. முறை உள்ள வீட்டார் காலை 5.45-க்குள் முடிக்க வேண்டும்.
2. முடியாவிட்டால் முறை, பட்டியலில் அடுத்த வீட்டுக்கு.
3. அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் போட வேண்டும். (போன வருஷம் முதல் மாடியார் சிம்மக்கல்லிலிருந்து ஓர் அம்மாளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன் விளைவு.)

எவர்சில்வர் சம்படத்தில் சீட்டு. வைகுண்ட ஏகாதசி யாருக்கு என்பதில்தான் எல்லோருக்கும் மூச்சு நின்றது. இரண்டாம் மாடி சரோஜாம்மாவுக்கு விழுந்தது. ஆறு வருஷமாகக் கேட்டு ஆறு வருஷமும் விழாதது. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்காரர் சாந்தாராமிடம் அவர்கள் சௌராஷ்டிர மொழியில் என்னவோ வேகமாகச் சொன்னார். சாந்தாராம் வழக்கம்போல் "உம்" என்றார். பட்டுச்சேலைக்கு டிசைன் வரையும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்ந்தவர். வாயிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்பது சொல். நான் எண்ணியிருக்கிறேன்.

பட்டியலில் சரோஜாம்மாவுக்கு அடுத்த இடம், கீழ்வீட்டு டீச்சர். முகம் கொஞ்சம் சுருங்கியது.

கார்த்திகை 16, புதன்

தீபம். காற்று உண்டு, மழை இல்லை.

ஐம்பத்து நாலு படி, படிக்கு இரண்டு விளக்கு. மொட்டைமாடிச் சுவர் முழுக்க வரிசை. கீழே தெருவில் நின்று பார்த்தேன். எங்கள் கட்டடம் நெருப்பில் நெய்த சேலை கட்டிக்கொண்டு நின்றது. விமானத்தில் போனவன் எல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருப்பான்.

எண்ணெய் இலாகா நான். ஐந்து லிட்டர் டின்னைத் தோளில் வைத்து, பட்டத்து யானை மாதிரி அசைந்து அசைந்து ஏறினேன். பெண்களெல்லாம் "மாமா இங்க, மாமா இங்க" என்றார்கள்.

எட்டு மணிக்குக் காற்றில் இரண்டாம் மாடித் திருப்பத்து விளக்குகள் அணைந்தன. ஏற்ற வந்த சரோஜாம்மா வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கார்த்திகை 17, வியாழன்

மாவுக்கட்டு. ஆறு வாரம். விரலை வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏகாதசிக்குள் வராது.

இங்கே மட்டும் எழுதுகிறேன்: அந்தத் திருப்பத்தில் எண்ணெய் சிந்தியது நான். பட்டத்து யானை. சிந்தியது தெரியும். இறங்கும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று போனேன். மொட்டைமாடியில் பொரி உருண்டை கொடுத்தார்கள், மறந்துவிட்டது.

பேச்சியிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை 20, ஞாயிறு

நல்ல வெயில். சுகமான வெயில்.

கொட்டாம்பட்டி பஸ்ஸில் பழைய கண்டக்டர் ஒருவர் மூலம் ஒரு சாக்கு மொச்சைக்காய் வரவழைத்தேன். மொட்டைமாடியில் பன்னிரண்டு வீடும் உட்கார்ந்து உரித்தது. நகம் பச்சை. கதை ஒரு மூட்டை. வெள்ளை மாளிகையில்கூட இப்படி ஒரு சபை கூடியதில்லை.

பன்னிரண்டு வீடு என்று எழுதியது பொய். பதினொன்று. சரோஜாம்மா வரவில்லை. பேச்சி பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "கதவை முழுசாத் தொறக்கலைங்க. 'எனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி'ங்குது. ஏகாதசிக்குக் கோயில் கூட்டத்துலயும் போக முடியாது, கோலமும் இல்லை."

டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டாவது விதி..."

"பார்ப்போம் டீச்சர்."

"நீங்க எழுதுனதுதான மாமா."

நான் எழுதியதுதான். எந்தக் கையால் எழுதினேனோ அந்தக் கையால்தான் எண்ணெய் டின்னும் தூக்கினேன்.

கார்த்திகை 24, வியாழன்

மேகமூட்டம். பல் கூச்சம்.

மத்தியானம் கதவு தட்டல். சாந்தாராம். கையில் மூக்குக் கண்ணாடி, போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணே. மூணாவது விதியில, பொம்பளைதான் போடணும்னு இருக்கா?"

ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். இல்லை. 'குடியிருப்பவர்' என்றுதான் இருக்கிறது. அப்படி ஓர் ஆண் கிளம்புவான் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் எழுதியாயிற்று. என் சட்டத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு மனுஷன் வந்து நிற்கிறான். 

"நீங்களா போடப் போறீங்க?"

"அவ முறையை விடக்கூடாதுண்ணே. கோயில் வாசலுக்குக் கட்டுக் கையோட போக முடியாதுல்ல? சொர்க்கவாசலையே இங்க போட்டுருவோம்."

சொல் எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டிவிட்டது. குடியிருப்பின் வரலாற்றில் முதல் முறை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கோலம் சரியா வராட்டி அசிங்கமாப் போயிரும்."

மார்கழி 1, புதன்

காலை மூடுபனி. தெருவிளக்குக்குக் கீழே பனி இறங்குவது தெரிகிறது.

முதல் கோலம், மூன்றாம் மாடி. பதினைந்து புள்ளி, நடுவில் பூசணிப்பூ. பஸ் சக்கரம் ஏறினாலும் அழியாத கம்பிக் கோடு. அற்புதம்.

பனிக்காலத்தில் மாடிவீட்டார் அனுபவிக்க வேண்டியவை, என் பட்டியல்:

- ஆறு மணிக்கு மொட்டைமாடியில் பூப்பந்து. (பந்து தெருவில் விழும். எடுக்கப் போகிறவர் சுக்குக் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவார்.)
- பனங்கிழங்கு வேகும் வாசம் எந்த வீடு என்று படியேறிக்கொண்டே கண்டுபிடிப்பது.
- தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடத்துக்காகச் சண்டை.
- பேச்சியின் கம்பளிப் போர்வையைத் திருடுவது.

ஐந்தாவது, இந்த வருஷம் புதிது: விடிவதற்குள் மொட்டைமாடியில் சாந்தாராமுக்குக் காவல் இருப்பது.

இன்று முதல் பாடம். மனுஷன் பென்சில் பிடித்தால் எறும்புக்குக் கால்செருப்பு வரைவார். பொடி அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஓர் இடத்தில் மூக்குப்பொடி அளவு. அடுத்த இடத்தில் மணல் லாரி கவிழ்ந்த மாதிரி.

"அண்ணே, ரெண்டு விரலா மூணு விரலா?"

எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருஷம் கல்யாணமாகி, பேச்சி எத்தனை விரலால் போடுகிறாள் என்று பார்த்ததில்லை. கீழே போய்ப் படுத்திருந்தவளை எழுப்பிக் கேட்டேன். "பித்துப் புடிச்சுப் போச்சா?" என்றாள். பிறகு, "ரெண்டு. கட்டை விரலாலே தள்ளணும்."

மார்கழி 9, வியாழன்

பனி. தொண்டை கட்டு. மிளகு ரசம்.

தேர்ச்சி பிரமிக்க வைக்கிறது. இன்று ஒரு மயில் போட்டார். கழுத்து வளைவு ஒரே இழுப்பில். மயில் அகவிவிடுமோ என்று பயந்து சுற்றிப் பார்த்தேன். பிறகு ஒரு சங்கு. ஊதலாம். பூப்பந்துக்காரர்கள் வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். துடைக்கத்தான் மனசு வரவில்லை. (துடைப்பதில் இப்போது நான் ரொம்பக் கவனம்.)

கட்டத்தாளில் வரைந்த முழு டிசைனைக் காட்டினார். உயரமான கதவு ஒன்று, குமிழ் குமிழாக. ஓரத்தில் தூண், தூணில் மயில், மேலே கோபுரச் சரிவு. கட்டம் கட்டமாக எண். ஒரு கதவுதான் தாளில் இருந்தது. மற்றது இன்னொரு தாளில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் படியில் பிடித்தார். "மாமா, ஏகாதசிக்கு நான் பொடி வாங்கிரவா வேணாமா? கடைசி நேரத்துல வாசல் வெறிச்சுன்னு கெடந்தா நல்லாவா இருக்கு?"

நியாயம்தான். "வாங்கி வையுங்க டீச்சர்" என்றேன். கோழை.

மார்கழி 13, திங்கள்

நாளை. சாந்தாராம் இன்று மூன்று முறை பொடி சலித்தார். சரோஜாம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏகாதசி விரதம் ஆரம்பித்துவிட்டார். அலாரம் மூன்று கடிகாரத்தில். குல்லா தலைமாட்டில்.

மார்கழி 14, செவ்வாய்

எழுதிவிட வேண்டும், ஒன்று விடாமல்.

நாலு மணி. கடுங்குளிர். (பேச்சி: "இருபது டிகிரி." இருக்கட்டும். எவரெஸ்டில் ஏறியவன் வந்திருந்தால் திரும்பிப் போயிருப்பான்.) வாசல் தெளித்தது நான். சாந்தாராம் வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்தார். நிமிரவில்லை. வலப்பக்கம் தூண் எழுந்தது. மயில் உட்கார்ந்தது. கதவில் குமிழ் குமிழாக நாற்பது. கோபுரச் சரிவில் அடுக்கடுக்காகப் பூ. அரசமரத்தில் தூங்கிய காகம் கண்விழித்துக் கும்பிட்டது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கும்பிட்டது.

ஐந்து இருபது. எழுந்தார். கையைத் தட்டினார். "முடிஞ்சுதுண்ணே."

பார்த்தேன். வாசலின் வலது பாதியில் சொர்க்கம். இடது பாதியில் ஈரத்தரை.

"மிச்சம்?"

"எந்த மிச்சம்?"

"அந்தப் பக்கத்துக் கதவு!"

திரும்பிப் பார்த்தார். "அண்ணே... பாதிதான்ணே நான் வரைவேன். முப்பது வருசமா பாதிதான். அட்டையில பாதி டிசைன் அடிச்சா மறுபாதியைத் தறி அதுவாத் திருப்பி நெய்ஞ்சுக்கிரும்."

திருநகர் தெருவில் தறிக்கு எங்கே போவேன்?

இருபத்தைந்து நிமிஷம். ஒரு பாதிக்கே ஒன்றேகால் மணி. எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். "ஏய், ஆம்பளை கோலம் போடுறாருடி." சாந்தாராம் அவசரமாகப் பொடி டப்பாவை மூடப் போனார். பொடி சிதறியது. "தெருவே பாக்குதுண்ணே. போயிருவமா? டீச்சரையே கூப்பிட்டுருங்க."

அப்போது படியில் சத்தம். சரோஜாம்மா. கழுத்தில் தூளி, அதில் கை. கோயில் மணி கேட்டு, தூரத்திலிருந்தாவது கும்பிடலாம் என்று இறங்கி வந்தவர். வாசலைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். முழங்கால் வரை வெள்ளைப் பொடி, மீசையிலும்.

அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். நாலு வாரமாகக் கேட்காத சிரிப்பு, மூன்று மாடிக்கும் கேட்டது.

"ஒத்தைக் கதவா? பெருமாள் ஒருக்களிச்சுத்தான் வெளிய வரணும் போல!"

சாந்தாராம் அவர்கள் மொழியில் ஏதோ முனகினார். 'தறி' மட்டும் எனக்குப் புரிந்தது.

சரோஜாம்மா சேலையைச் செருகிக்கொண்டு இடதுபுறம் உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். "பொடியைக் குடுங்க. நான்தான் தறி."

கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், இதில் மிகை இல்லை. சாந்தாராமின் வலக்கை தன் பாதியின் மேல் காற்றில் வளையும். சரோஜாம்மாவின் இடக்கை, கண்ணாடிக்குள் இருக்கிற கை மாதிரி, அதே வளைவைத் திருப்பிப் போடும். "எட்டுக் கட்டம் மேல. இப்பத் திரும்பு. மெல்ல." "தெரியுது, சும்மா இருங்க." முதல் குமிழ் கோணல். பத்தாவது குமிழுக்கு இரண்டு கையும் ஒரு கை.

டீச்சர் கதவைத் திறந்தார். கையில் பொடி டப்பாக்கள். "மாமா, மணி என்ன?"

"அஞ்சு முப்பத்தஞ்சு."

கொஞ்சம் கழித்து. "இப்ப?"

"அஞ்சு முப்பத்தஞ்சு."

"அப்பவும் அதைத்தான் சொன்னீங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்தாதவன், கைக்கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் என்னைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "அந்த வாசப்படிக்கு மஞ்சள் பத்தாது சரோஜா. நகரு, நான் நிரப்புறேன்."

முடிந்தபோது சூரியன் வந்துவிட்டது. இடதுபுறத்து மயில் கொஞ்சம் குண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. ஒருவரும் மிதிக்கவில்லை. பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போனார்.

படியேறும்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "சரோஜாம்மா, அன்னைக்கு அந்தத் திருப்பத்துல எண்ணெய்..."

"தெரியும்ணே. டின்னைத் தோள்ல வச்சு அம்புட்டு ஆட்டம் ஆடிக்கிட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான்."

"சொல்லவே இல்லையே."

"நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். அடுத்த வருசம் தோள்ல ஒரு துணியும் போட்டுக்கிட்டு வாங்க."

மார்கழி 15, புதன்

பனி குறைவு. கோலம் இன்னும் பாதி தெரிகிறது, டீச்சர் தன் முறைக்கு அதைச் சுற்றிப் போட்டிருக்கிறார்.

நாலாவது விதி எழுதி ஒட்டினேன்: 'முறை உள்ள வீட்டில் யாரும் போடலாம்.' கீழே யாரோ பென்சிலில்: 'முழுசாப் போடவும்.' டீச்சர் கையெழுத்து.

நாளை எங்கள் முறை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சிக்குத் திடீரென்று இருமல். இரண்டே இருமல், மிக அழகாக. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கோலப்பொடி டப்பா என் தலையணை மேல்.

"எத்தனை புள்ளி?" என்றேன்.

"உங்க இஷ்டம். ரெண்டு விரல். கட்டை விரலாலே தள்ளணும்."