பலூன் காற்று புகுந்த பிளாஸ்க்

மதினி, இன்று அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உங்கள் பச்சைப் பிளாஸ்க் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். நோன்புக் கஞ்சியின் இஞ்சி மணம் இன்னும் தக்கையில் ஒட்டியிருந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தது என்று எழுத மாட்டேன். மறந்திருந்தால்தானே நினைவுக்கு வர!

சவூதியிலிருந்து, என் மாமியாரான உங்கள் உம்மாவுக்கென்று நீங்கள் கொண்டுவந்தது. அவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நோன்பில் நீங்கள் கட்டிலடியில் இருந்தீர்கள், நான் அக்குறணையில் அடுப்படியில் இருந்தேன். உங்கள் உம்மா வேறெதையும் தொடவில்லை. என் கஞ்சியைத்தான் கேட்டார், அதுவும் சுடச்சுட. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் மடி சுட்டது. கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ் நகரவேயில்லை. நோன்பு திறக்கும் பாங்கு நேரம் ஊற்றிப் பார்த்தால், ஆறி ஆடை படிந்த கஞ்சி. உங்கள் உம்மா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க போட்டு ஒடச்சாய்?" வார்டே கேட்கும்படி கேட்டீர்கள்.

"ஒடைக்கல்ல மதினி. பாருங்க, ஒரு கீறலும் இல்ல."

"நான் கொண்டுவந்த சாமான் எண்டா ஒனக்கு எரிச்சல். அத எங்கட உம்மாட வாயிலயா காட்டணும்?"

பெருநாளுக்கு முன்னே உங்கள் உம்மா கண்ணை மூடி மவுத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு என் கையால் நீங்கள் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் மகளிடம் இன்று இதைச் சொன்னபோது கேட்டாள்: "அந்த நாள்ல இத எங்க வெச்சிருந்தீங்க உம்மா?"

எங்கள் கடையின் பின்னறையில், மாதக்கணக்காக. கல்யாண வீட்டுப் பலூன்களுக்கு அடிக்கும் ஹீலியம் சிலிண்டர்கள் இருந்த அறை. ஜன்னல் கிடையாது. திருகு இறுகாமல் எந்நேரமும் சீறும். சொன்னால் உங்கள் தம்பிதான் காதில் போட்டுக்கொள்ள மாட்டாரே.

"அப்ப அந்தக் காத்துதான். பிளாஸ்க்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒண்டுமே ஈக்காது, அதாலதான் சூடு நிக்கும். ஹீலியம் கண்ணாடியில கரைஞ்சு, மெதுமெதுவா உள்ளுக்குப் போயிரும். பொறகு சூடு நிக்காது."

"ஓட்ட இல்லாமயா? தண்ணிகூட ஒழுகல்லியே!"

"தண்ணி போகாது, நாங்க மூச்சு வாங்குற காத்தும் போகாது. இது அதவிடப் பொடிசு உம்மா. கண்ணாடி எங்கட கண்ணுக்குத்தான் கெட்டி."

போன வருஷம் உங்கள் மையித்தை அடக்கத்துக்குத் தூக்குமுன் உங்கள் மகள் பெண்களிடம் வந்து, "உம்மா ஏதும் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க" என்று அழுதாள். எல்லோரும் "மன்னிச்சிட்டோம்" என்றார்கள். என் முன்னால் வந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பதான் உண்ம தெரிஞ்சிட்டே, இனியாவது மன்னிச்சிடுங்களேன்" என்கிறாள் என் மகள். நான் உடைக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிய வேண்டியவர் நீங்கள். தெரியாமலே போய்விட்டீர்கள். அந்தியில் மக்ரிப் தொழுது கையேந்தும்போதெல்லாம் அந்த ஒற்றைச் சொல் தொண்டை வரை வருகிறது, மதினி. இன்னும் வாய்க்கு வரவில்லை.