மூன்று நல்ல குணங்கள்

பிப்ரவரி 11, 2025

எட்டு மாதமாக மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் வந்து பார்ப்பார்கள். நான் பேசக் கூடாது, பார்ப்பதை எழுத வேண்டும். அதற்கு மேற்பார்வை என்று பெயர்.

இன்று என்னோடு வேலை செய்யும் மரீ-ஈவுக்குக் காய்ச்சல். அவளுடைய சந்திப்பு எனக்கு வந்தது. தாய் யோகராணி, முப்பத்து நான்கு வயது, யாழ்ப்பாணத்துக்காரர், பிரெஞ்சு பேசும் இந்த நகரின் வில்லரே பகுதியில் ஓர் அறை வீடு. மகள் ஆர்த்திகா, நான்கு வயது, பதின்மூன்று மாதமாக வளர்ப்பு வீட்டில்.

தமிழ்க் குடும்பங்களின் கோப்பை எனக்குக் கொடுப்பதில்லை. ஒரே சமூகம், நடுநிலை கெடும் என்று பிரிவுத் தலைவர் நத்தாலி முதல் வாரமே சொல்லிவிட்டார். இன்று வேறு ஆள் இல்லை. "பிரெஞ்சு மட்டும்தான், தமிழில் பேச விடாதே" என்று மட்டும் நினைவூட்டினார். எனக்குப் புரியுமே என்றேன். அடுத்த வாரம் மரீ-ஈவுக்குப் புரியாது, வழக்கத்தை மாற்றாதே என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் யோகராணி பேசிய பிரெஞ்சு: பொன்ஜூர், பொம், மெர்சி. வணக்கம், ஆப்பிள், நன்றி. ஆப்பிள் நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளை அவரை அம்மா என்று இல்லை, "மாதாம்" என்றது. இங்கே எல்லோரும் அவரை அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

நான் எழுதினேன்: "தாய் அமைதியாக இருந்தார். பிள்ளையுடன் உரையாடல் குறைவு."

கையெழுத்தும் போட்டேன்.

பிப்ரவரி 12

வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, பேசவில்லை என்று எழுதியிருக்கிறேன். நான்தான். வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 13

பனிப்புயல். வீட்டிலிருந்தே வேலை. ஆர்த்திகாவின் கோப்பு முழுவதையும் படித்தேன்.

போன வருடம் ஜனவரி. பிள்ளைக்கு இருமல். தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டு, யோகராணி தெருமுனை மருந்துக் கடைக்குப் போனார். கணவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உதவிக்கு ஆள் இல்லை. கீழ்வீட்டில் யாரோ எதையோ கருக்க, தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம். தவறுதான், நான் அதைச் சின்னதாக்கவில்லை. அவரும் ஆக்கவில்லை. அதன்பின் பெற்றோர் வகுப்பு முழுவதும் போயிருக்கிறார். பகல் வேலைக்கு மாறியிருக்கிறார். கார்தெரியில், அதாவது பகல் காப்பகத்தில், பிள்ளைக்கு இடமும் வாங்கி வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் இரண்டு விஷயங்கள் விழுங்கிவிட்டன. ஒன்று, எங்கள் குறிப்புகளில் வாராவாரம் வரும் அந்த "அமைதி". இன்னொன்று உளவியல் மதிப்பீடு. "உங்கள் மகளிடம் உள்ள மூன்று நல்ல குணங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். யோகராணியின் பதில்: அவள் கறுவல். சரியான அடங்காப்பிடாரி. ஒண்டும் தின்னமாட்டாள்.

ஒலிப்பதிவைக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழையும் விடவில்லை. முடிவு: பிள்ளை மீது எதிர்மறைப் பார்வை, பற்று பலவீனம்.

இந்த வயதுப் பிள்ளை தற்காலிகமாக வளர்ப்பு வீட்டில் இருக்கச் சட்டம் தருவது பதினெட்டு மாதம், அதற்குள் நிரந்தர முடிவு எடுக்க வேண்டும். மே மாத விசாரணையில், பதினெட்டு வயது வரை வளர்ப்பு வீட்டிலேயே வைக்கச் சொல்லி அலுவலகம் கேட்கப் போகிறது.

பிப்ரவரி 15

புவாண்ட்-கிளேரில், அம்மா வீட்டில் மதிய சாப்பாடு. அப்பாவின் நண்பர் குடும்பம் வந்திருந்தது. அந்த ஆன்ட்டி என் பிரெஞ்சைப் புகழ ஆரம்பித்ததும் அம்மா குறுக்கே விழுந்தாள். "நீங்க வேற. இருபத்தேழு வயசாச்சு, ஒரு ரசம் வைக்கத் தெரியாது. அவ ரூமைப் போய்ப் பாருங்க, மாடு கட்டின மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர் முன்னால் என்னைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. கண் பட்டுவிடும். நான் இரண்டாவது தடவை கேட்காமலே என் தட்டில் அப்பளம் விழுந்தது.

அம்மாவை யாராவது மதிப்பீடு செய்திருந்தால் நான் எந்த வீட்டில் வளர்ந்திருப்பேன்?

பிப்ரவரி 18

மரீ-ஈவுக்கு மூன்று வாரம் விடுப்பு. மறுபடி நான். விதியை மீறினேன். தெரிந்தே.

கதவைச் சாத்தியதும், "தமிழ்ல பேசுங்க" என்றேன். யோகராணி என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"மிஸ், இந்தியாவோ?"

"ஆமாங்க."

"கதைச்சால் பிரச்சினை வராதோ?"

"வந்தா எனக்குத்தான் வரும்."

அவர் மகள் பக்கம் திரும்பி, "என்னடி, மூக்கு வழியுது. இஞ்சை வா" என்றார். பிள்ளை போனது. ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பதின்மூன்று மாதத்துக்குப் பிறகும் அந்தக் குரலுக்குக் கால் தானாக நடந்தது.

அப்புறம் நிற்கவே இல்லை. பிள்ளை பிரெஞ்சில் கேட்டது, தாய் தமிழில் சொன்னார், இருவருக்கும் இடைஞ்சலே இல்லை. இன்று மாதுளை. கொட்டையையும் தின்னலாம், துப்பாதை என்றார் தாய். பிள்ளை வேண்டுமென்றே துப்பிவிட்டுச் சிரித்தது. "எருமை" என்று அதன் வாயைத் துடைத்தார். நான் ஆறு பக்கம் எழுதினேன்.

பிள்ளையைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகு கேட்டேன். கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. மதிப்பீட்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

அவர் கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"சண்டை முடிஞ்சு முகாமில பதியேக்க அம்மா என்ரை அண்ணையைக் கெட்டிக்காரன், நல்லாப் படிப்பான், இங்கிலிசும் தெரியும் எண்டு சொன்னவ. நல்லதுக்குத்தானே சொன்னவ. ஆமிக்காரர் எழுதினவை. எழுதிப்போட்டு அண்ணையை மற்ற வரிசைக்குப் போகச் சொன்னவை." ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார். "அவ்வளவுதான். பேந்து காணேல்லை. எழுதிற ஆக்களுக்கு முன்னால நான் என்ரை ஆக்களை ஒருநாளும் புகழ்றேல்லை, மிஸ். அந்தக் கேள்வி கேட்ட மனுசி எழுதிக்கொண்டெல்லோ இருந்தவ."

நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பேனாவை மூடி வைத்தேன். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனா அவளைப் பற்றி நல்லதெண்டு ஒண்டும் எழுதாதேங்கோ" என்றார்.

பிப்ரவரி 19

நத்தாலி அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பார்வையாளராக அனுப்பினேன், நீ பேட்டி எடுத்திருக்கிறாய் என்றார். அண்ணன் கதை இருக்கும் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எடுக்க மாட்டேன் என்றேன்.

நீ இன்னும் தற்காலிக ஊழியர் என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவிருக்கிறது என்றேன். அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை.

கோப்பிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 20

அம்மா போனில்: "பெர்மனன்ட் ஆகட்டும்டி முதல்ல. அப்புறம் புரட்சி பண்ணிக்கோ."

பெர்மனன்ட் ஆனவர்கள் யாரும் பண்ணவில்லையே அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 4

என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ஒரு சோகக் கதை கேட்டு உருகிவிட்டேனா? தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு அடி விழுவதில்லை என்று நான் யாருக்கும் சத்தியம் செய்து தர மாட்டேன். விழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். பண்பாடு என்ற போர்வைக்குள் மறைத்த காயங்களும் என் குறிப்பேடுகளில் உண்டு. பாசம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பாசம் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர்கள் தங்கள் கேள்வித்தாளை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள் என்கிறேன்.

கேட்ட கேள்வி தவறு என்று ஒரு வரி எழுத இவ்வளவு பயமா இந்தக் கட்டடத்துக்கு?

பிரெஞ்சில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி நத்தாலிக்கும் உளவியலாளருக்கும் அனுப்பினேன். ஒரு பிரதியைக் கோப்பில் சேர்க்கச் சொன்னேன். கோப்பில் சேர்ந்தால் தாயின் வக்கீல் கண்ணில் படும். அதற்காகத்தான் சேர்க்கச் சொன்னேன்.

மார்ச் 11

மரீ-ஈவ் திரும்பிவிட்டாள். சந்திப்பு மறுபடி பிரெஞ்சில். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாய் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மரீ-ஈவ் கெட்டவள் இல்லை. இடைவேளையில் வந்து, "இத்தனை நாள் நான் என்னத்தைப் பார்த்து எழுதினேன், பிரியா?" என்று கேட்டாள். காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9

அழைப்பாணை வந்தது. தாய்த் தரப்புச் சாட்சி. நான்.

மே 14

விசாரணை. எதையும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

என்னைச் சாட்சிக் கூண்டில் இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். அலுவலகத்தின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். நீங்களும் தமிழ், தாயும் தமிழ், உங்கள் கவனிப்பை நடுநிலை என்று சொல்ல முடியுமா?

மரீ-ஈவும் சாகெனே ஊர்க்காரர், வளர்ப்புத் தாயும் அதே ஊர்க்காரர், பதினாறு மாதமாக அவர்களை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை என்றேன். நீதிபதி தலை குனிந்து எதையோ எழுதினார். நத்தாலி என்னைப் பார்க்கவில்லை.

பிறகு யோகராணி. நீதிபதி, அறுபது வயதுப் பெண்மணி, மொழிபெயர்ப்பாளர் வழியாக, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். யோகராணி தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தரின் விரல்களைப் பார்த்தார். மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கள், இன்றைக்கு ஒரு நாள் நல்லதாகச் சொல்லிவிடுங்கள்—

"அவள் சரியான கள்ளி."

அலுவலகத்தின் வக்கீல் தாளைத் திருப்பினார். நான் எழுதிய கடிதம் நீதிபதியின் முன்னால் விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், எழுத்தரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: அவள் எப்படித் தூங்குவாள்?

யோகராணி நிமிர்ந்தார்.

"வலப்பக்கம் சரிஞ்சுதான் படுப்பாள். என்ரை காதைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை. தோடு போடேலாது, இழுத்துப்போடுவாள். காது புண்ணானாலும் விடமாட்டாள். கையை எடுத்தால் முழிச்சிடுவாள். எடுக்கிறதெண்டால் சின்ன விரலிலை இருந்து ஒவ்வொண்டா எடுக்கோணும்." குரல் இறங்கியது. "இப்ப அங்கை ஆரின்ரை காதைப் பிடிக்கிறாளோ தெரியாது."

மொழிபெயர்ப்பாளர் முடித்ததும் பின்வரிசையில் வளர்ப்புத் தாய் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. நீதிபதி பேச அனுமதித்தார். நாயின் காது, என்றார் அவர். எங்கள் நாயின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எதற்கென்று இதுவரை எங்களுக்குத் தெரியாது.

அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது யோகராணி சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டார்.

மே 30

தீர்ப்பு. கோடை முழுவதும் படிப்படியாகப் பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு வருடம் கண்காணிப்பு. அதுவரையிலான சந்திப்புகள் தாயின் மொழியில்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. மரீ-ஈவ் கழிவறையில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

ஜூன் 20

என்னைத் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்கள் புகார் சொல்வார்கள், நான் பதிய வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. இது தண்டனை இல்லை, தேவை என்று நத்தாலி விளக்கினார். சரி. தொலைபேசியிலும் காது இருக்கிறது.

மொழி விதியை மாற்றக் கோரி விண்ணப்பம் கொடுத்தேன். தீர்ப்பு அந்த ஒரு பிள்ளைக்குத்தான். விதி அப்படியே சுவரில் இருக்கிறது.

செப்டம்பர் 8

விண்ணப்பம் நிராகரிப்பு. மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஏழு கையெழுத்து. மரீ-ஈவின் கையெழுத்து முதலில்.

அக்டோபர் 18

சனிக்கிழமை. வில்லரேயில் புத்தகக் கடைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே அவர்கள். ஆர்த்திகா கோட்டின் பொத்தானைப் போட மாட்டேன் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "எழும்படி, சனம் பாக்குது" என்று யோகராணி திட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை தமிழிலேயே, உரத்து, மாட்டேன் என்றது.

அப்போது யோகராணி என்னைப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. குனிந்து பிள்ளையைத் தூக்கி, தனக்கு அந்தப் பக்கமாக, நான் பார்க்க முடியாத பக்கமாக நிறுத்தினார். அவசரமாகப் பொத்தான்களைப் போட்டார்.

ஒரு நிமிடம் வலித்தது. உண்மை, வலித்தது. அப்புறம் புரிந்தது. நான் என்ன செய்திருந்தாலும், எழுதுகிற ஆள்தானே.

வணக்கம் சொல்லவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. சிக்னல் விளக்கு மாறும் முன்பே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டேன். பாதி தூரம் போனதும் பின்னால் திட்டு மறுபடி ஆரம்பித்தது. நன்றாக, வாய் நிறைய.

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் எழுதும் கடைசி வரி இது.